அக்டோபர் கூட்டம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) குழு ஒன்றை வைத்திருக்கிறோம். இத்தகைய மென்பொருளுக்குப் பங்களிக்க அக்டோபரில் அழைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் சமயத்தில் ஹால் நிறைந்துவிடும். செமஸ்டர் தேர்வு முடிந்து பார்த்தால் நாலைந்து பேர்தான் மிச்சம். சான்றிதழ், சின்னப் பரிசு என்று ஏதாவது வைத்தால் நிற்பார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரிசு வைத்தால் கூட்டம் வரும். ஆனால் பரிசுக்கு எது போதுமோ அதை மட்டும் செய்துவிட்டுப் போகும். 2020 ஹேக்டோபர்ஃபெஸ்டில் நடந்தது அதுதானே? 4 புல் ரிக்வெஸ்டுக்கு (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரி அனுப்புவது) ஒரு டி-ஷர்ட் என்றதும், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்களால் ப்ராஜெக்டுகளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் திணறிப்போனார்கள். மாதம் பிறந்த சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த ரெப்போக்களை (ப்ராஜெக்டின் நிரல் இருக்கும் இடம்) மட்டும் சேர்ப்பதாக, அதை நடத்திய டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் விதியை மாற்ற வேண்டி வந்தது. சான்றிதழும் அந்த டி-ஷர்ட் மாதிரிதான் என்பது என் எண்ணம்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் ஒருமுறை பங்களிப்பாளர்களின் தரவுகளை அலசினார்கள். முதல் பேட்சுக்கு, அதாவது அனுப்பிய நிரல் திருத்தத்துக்கு, 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்களில் மறுபடி வந்தவர்கள் மிக அதிகம். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்களில் அநேகமாக யாருமே திரும்பவில்லை. உங்கள் மாணவர்கள் எந்த ரகம் என்று விசாரித்துப் பாருங்கள். பேட்சை அனுப்பிவிட்டு ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு என்று போய்விடுவார்கள். மெயின்டெய்னரையும் குறை சொல்ல முடியாது. பலரும் ஆபீஸ் முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்கிற வேலை இது.

அதனால் ப்ராஜெக்டைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம் வேண்டும். ஏற்கெனவே மூடப்பட்ட புல் ரிக்வெஸ்டுகளைத் திறந்து, வெளியாள் அனுப்பிய பேட்சுக்கு எத்தனை நாளில் பதில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பிடித்திருக்கிறது என்று பயனர்கள் இடும் ஸ்டார்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தமிழ் எழுத்துகளை நிரலில் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் போன்ற சின்ன ப்ராஜெக்டுகளையும் பரிசீலிக்கலாம். சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கலாம் என்பது முதல் முறை வருகிறவருக்குப் பெரிய தைரியம்.

உதவித்தொகையை நான் பரிசோடு சேர்க்க மாட்டேன். விடுமுறையில் சம்பாதித்தே ஆக வேண்டிய மாணவருக்கு கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி மாதிரியான திட்டங்கள்தான் வழி. அவுட்ரீச்சியில் தேர்வாவதற்கு முன்பே அந்த ப்ராஜெக்டில் ஏதாவது பங்களித்திருக்க வேண்டும். உதவித்தொகை தொடங்கும்போது வழிகாட்டியும் மாணவரும் ஒருவரை ஒருவர் ஓரளவு அறிந்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கல், புதியவருக்கேற்ற எளிய வேலை என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' எல்லா இடத்திலும் இருக்கிறது, இரண்டாவதாக என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. குபர்னெட்டிஸ் என்ற பெரிய ப்ராஜெக்டில் உறுப்பினர், ரிவ்யூவர், அப்ரூவர் என்று ஒவ்வொரு படிக்கும் என்ன தகுதி வேண்டும் என்பதை எழுதியே வைத்திருக்கிறார்கள். பைத்தானில் கமிட் உரிமை (நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை) இல்லாமலே இஷ்யூக்களை (பிழை, கோரிக்கைப் பதிவுகள்) தரம் பிரிக்கவும் மூடவும் ஒரு ட்ரையாஜ் குழு உண்டு. உங்களிடம் மிஞ்சிய நாலைந்து பேருக்கும் அப்படி ஒரு பொறுப்பைக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதும் பேட்ச் வெளியே போகுமுன் இவர்களில் ஒருவர் அன்றைக்கே பார்த்துக் கருத்துச் சொல்லட்டும். மெயின்டெய்னர் தாமதித்தாலும் யாரோ ஒருவர் படித்திருப்பார். சுத்தமாக வரும் பேட்சுக்கு அங்கே வேலையும் குறைவு.

தேர்வுக் காலம் பற்றி ஒரு வார்த்தை. பல ரெப்போக்களில் ஆள் சத்தமில்லாத புல் ரிக்வெஸ்டை பாட் என்ற தானியங்கி நிரல் ஒன்று தானாக மூடிவிடும். மாணவர் தேர்வு எழுதிவிட்டு வந்து பார்த்தால், தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். "எனக்குப் பரீட்சை, டிசம்பர் மூன்றாவது வாரம் தொடர்கிறேன்" என்று நவம்பரிலேயே அங்கே ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் வந்ததும் நீங்களும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

அன்புடன்