தங்கவயல் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கோலார் தங்கவயலைப் (கே.ஜி.எஃப்) பற்றிக் கேட்ட கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் பெங்களூர் வாசகர்களுடையவை. தாத்தா பாட்டி வழியில் அந்த ஊரோடு ஒட்டுறவு உள்ளவர்கள் பாதி. சினிமா பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மீதி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: குடும்பத்தோடு ரயிலில் போய் அன்றே திரும்ப நினைக்கிறோம். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நாலைந்து ஸ்டேஷன் பெயர் சொல்கிறார்கள். கே.ஜி.எஃப் என்ற பெயரில் ஒன்றும் இல்லையே, எதில் இறங்குவது?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: அந்தப் பெயரில் ஸ்டேஷன் இல்லைதான் அம்மா. தங்கவயல் வட்டமாக வளர்ந்த ஊர் இல்லை, நீளமாகக் கிடக்கிற ஊர். தங்கம் கலந்த வெண்கல் பாறை வடக்கு தெற்காக ஓடுகிறது. 1880இல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துச் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு, அந்தப் பாறை ஓடும் வழியிலேயே வரிசையாகச் சுரங்கங்கள் எழுந்தன: பாலகாட், நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன்ஸ். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குடியிருப்பு. பங்காருபேட்டையிலிருந்து பிரியும் 16 கிலோமீட்டர் கிளைப் பாதை இந்த வரிசையை ஒட்டியே போய் மாரிகுப்பத்தில் முடிகிறது. ரயிலில் உட்கார்ந்தபடியே ஊரின் நீளம் முழுக்கப் பார்த்துவிடலாம் என்பதால், முதல் தடவை போகிறவர்களுக்குக் காரைவிட ரயிலே நல்லது.

கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வடக்கே திரும்பி வாருங்கள். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. ஓட்டல், கடைவீதி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அங்கேதான்.

பலர் தவறுவது ஏறும் வண்டியில். கண்டோன்மெண்ட், கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு, மாலூர் வழியாக வருகிற எல்லா வண்டியும் மாரிகுப்பம் போகாது. குப்பம், ஜோலார்பேட்டை வண்டிகள் பங்காருபேட்டையோடு நேரே போய்விடும். பெயர்ப் பலகையில் 'மாரிகுப்பம்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பங்காருபேட்டையில் இறங்கி பஸ் ஏறுங்கள், அதற்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடாத பயணிகள் வண்டிகள் உண்டு, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுரங்கம் மூடியதிலிருந்து ஊரே பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறது. காலையில் அங்கிருந்து இங்கே வரும் வண்டியிலும் மாலையில் இங்கிருந்து போகும் வண்டியிலும் கால் வைக்க இடம் இருக்காது. நீங்கள் எதிர்த் திசையில் போகிறீர்கள், உட்கார இடம் கிடைக்கும்.

கேள்வி: பைக்கில் போகலாமா?
– வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: போகலாம், நூறு கிலோமீட்டர் சுமார். ஆனால் ஒசகோட்டையில் தொடங்கும் புதிய சென்னை விரைவுச்சாலை இருசக்கர வண்டிக்கு இல்லை. பழைய மெட்ராஸ் ரோட்டில் கோலார் வரை போய்த் தெற்கே திரும்புங்கள்.

கேள்வி: சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க அனுமதி வாங்க முடியுமா? இங்கிலாந்துப் பக்கம் பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் சுற்றுலாப் பயணிகளை இறக்குகிறார்களே?
– கல்லூரி மாணவர், விவேக் நகர்

பதில்: முடியாது. யாராவது "ஆள் இருக்கு, பேசிக்கலாம்" என்றால் நம்பிப் போய்விடாதீர்கள்.

நீங்கள் சொல்வது வேல்ஸில் உள்ள பிளேனாவன் ஊரின் பிக் பிட் சுரங்கமாக இருக்கும். 1980இல் வேலை நின்றது, 1983இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இறங்குவது 90 மீட்டர்தான். காற்றோட்டமும் நீரிறைப்பும் இன்றும் நடக்கின்றன. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும் என்பதால் போன், கைக்கடிகாரம், லைட்டர், பேட்டரி உள்ள எதுவானாலும் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஹெல்மெட், விளக்கு, மூச்சுக் கருவி கட்டி அனுப்புவார்கள். நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமானால் நாக்பூர் பக்கம் சாவ்னேர் நிலக்கரிச் சுரங்கத்தில் மகாராஷ்டிரச் சுற்றுலாக் கழகத்தோடு சேர்ந்து சுற்றிக்காட்டும் ஏற்பாடு 2016இல் தொடங்கியது. முன்பதிவு உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தங்கவயல் கதை வேறு. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை இடைவிடாமல் அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பிறகு பம்புகளும் நின்றன. பம்பு நின்றால் ஊற்றுநீர் கீழிருந்து ஏறும். கேலரிகள், அதாவது உள்ளே குடைந்த பாதைகள், ஒவ்வொன்றாக முழுகும். தண்ணீர் எட்டாத மேல் பகுதி இன்னும் ஆபத்து. முட்டுக்கொடுத்த மரம் மக்கும்போதும் பாறையிலுள்ள கந்தகத் தாது காற்றுபட்டு மாறும்போதும் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். வாசனை வராது, கண் எரியாது. நாலு அடி வைத்ததும் மயக்கம், அவ்வளவுதான். பழைய இரும்பு, தாது திருட இறங்கி உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் விழுந்ததும் தூக்கப் போகிற அடுத்தவரும் விழுவதுதான் இதில் வழக்கம்.

இது போக, ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். மைன்ஸ்காரர்கள் அதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மூடிய பிறகும், தண்ணீர் ஏற ஏற ஊரில் தரை அதிர்ந்திருக்கிறது.

மேலிருந்து என்ன பார்க்கலாம் என்றால், ஷாஃப்ட்டின் (ஆட்கள் இறங்கும் செங்குத்துக் குழியின்) மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். சாம்பியன் ரீஃப்பில் கிஃபோர்ட் ஷாஃப்ட் பெயர் பெற்றது. கோபுர உச்சியில் இருக்கும் சக்கரத்தின் மேல் கம்பிவடம் ஓடும். அந்த வடம் சாய்ந்து இறங்குகிற திசையைப் பார்த்தால், ஆட்கள் போகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கிய வைண்டிங் இன்ஜின் வீடு எங்கே இருந்தது என்று புரிந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். உள்ளே சுரங்கக் கம்பெனி நிலம். மூடாத குழி எங்கே இருக்கிறதென்று முள்புதர் காட்டிக்கொடுக்காது. இன்னொன்று: பெமல் தொழிற்சாலை வாசலில் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். 1964இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். புல்டோசரும், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகிற ராட்சச டம்பரும் செய்கிறார்கள். ராணுவ வேலையும் நடப்பதால் காவலர்கள் கண்டிப்பானவர்கள்.

கேள்வி: சைனைடு மலை மேல் ஏறிப் படம் எடுக்கலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம். சிறியவனுக்கு வீசிங் உண்டு. போகலாமா?
– தாய், மர்பி டவுன்

பதில்: வேண்டாம் அம்மா. வீசிங் இல்லாத பிள்ளைக்கும் இதே பதில்தான்.

தாதுக்கல்லை மாவாக அரைத்து, நீர்த்த சைனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய கழிவுதான் அந்த மேடுகள். மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். நூறு வருஷத்துக் கழிவு அது. எல்லோரும் பயப்படுகிற சைனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். பயப்பட வேண்டியது தூசிக்கு. சிமெண்டைப் போல் நைசான சிலிக்கா, அதாவது கல்மாவு. மூச்சில் போனால் நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தங்கிவிடும். உள்ளே துளை போட்ட தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததும் இந்தச் சிலிக்காவால்தான். கோடைக் காற்றில் சாம்பல் நிறப் புகையாக எழுந்து, சுற்றியுள்ள லைன் வீடுகளின் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பாத்திரம்வரை படியும். துணிக்கட்டு முகமூடி இதைத் தடுக்காது.

ஏறுவதிலும் வில்லங்கம் இருக்கிறது. மழைநீர் அறுத்த ஓடைகள் மேட்டை ஆழமாகக் கீறியிருக்கும். மேலே காய்ந்த பொருக்கு உறுதியாகத் தெரியும், அடியில் வெற்றிடம். விளிம்பில் நின்று படம் எடுக்கும்போதுதான் அது சரியும். அடிவாரத்தில் தேங்கிய தண்ணீரில் கையும் காலும் வைக்க விடாதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கவே அது அழகு. காலை பத்து மணிக்குள், காற்று கிளம்பும் முன், ரோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேடுகள் அப்படியே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். மிஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது.

கேள்வி: என் தாத்தா தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போனவர் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் வேலை செய்த இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், அல்சூர்

பதில்: உண்டு ஐயா, ஆனால் போவதற்கு முன் வீட்டில் தேடுங்கள். மூன்று விஷயம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது: எந்தச் சுரங்கம், எந்த லைன், எந்த வருஷங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு, பி.எஃப் காகிதம், எண் பொறித்த பில்லை ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் பெயரைவிட அந்த எண்தான் பதிவேட்டில் பேசும். ஒரே லைனில் நாலு முனிசாமி இருந்திருப்பார்கள்.

வருஷம் ஏன் முக்கியம் என்றால் முதலாளி மாறிக்கொண்டே வந்திருக்கிறார். 1956 வரை வெள்ளைக்காரக் கம்பெனிகள். பிறகு மைசூர் அரசு. 1962 முதல் மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். கடைசிக் கட்டத்தில் இருந்தவர் என்றால், மத்திய சுரங்க அமைச்சகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். அதற்கு முந்தியவர் என்றால் அரசு ஏட்டைவிட ஊர் ஏடு உதவும். கிறிஸ்தவக் குடும்பமானால் அந்தப் பகுதி ஆலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். அப்பா பெயர், தொழில், குடியிருப்பு எழுதியிருக்க வாய்ப்புண்டு. பௌத்தக் குடும்பங்களும் நிறைய. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது, அவர் எழுத்துகளை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கேதான். அவர் வழியில் வந்த ஜி. அப்பாதுரையார் 1926இல், பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழை மறுபடி தங்கவயலிலிருந்து நடத்தத் தொடங்கினார். உங்கள் குடும்பம் அந்த வழி என்றால் அந்தத் தெருக்களில் விசாரியுங்கள்.

லைன் பெயர் தெரிந்துவிட்டால் நேரே அங்கே போய், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். ஒன்று கவனம்: அவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை, குடித்தனம் நடக்கிற வீடுகள். கேட்காமல் உள்ளே போனை நீட்டாதீர்கள். 1930இல் கைரேகை எடுக்க வந்த கம்பெனியை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், மரியாதை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முறையாகக் கேட்டால் காபி கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

கேள்வி: பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, காக்ஸ் டவுன்

பதில்: மாமனார் ஜெயித்தார். காவிரியின் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902 ஜூனில் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயல் போய்ச் சேர்ந்தது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அங்கே விஞ்ஞான ஆராய்ச்சியும் நடந்ததாமே?
– பள்ளி ஆசிரியர், கே.ஆர்.புரம்

பதில்: நடந்தது. ஆழத்தில் மேலேயுள்ள பாறை மற்ற துகள்களைத் தடுத்து நிறுத்திவிடும், நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும் ஊடுருவி வரும். அந்த வசதியை வைத்து டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். பிறகு அணுக்கருவில் உள்ள புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்ற சோதனையும் அங்கே நடந்தது. மாணவர்களை அழைத்துப் போனால் காட்ட அந்த இடம் இல்லை, மூடிய சுரங்கத்தோடு போய்விட்டது. பெத்தபள்ளி பக்கம் இருக்கிற தலையணை வடிவ எரிமலைப் பாறைகளைக் காட்டுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். சுத்தியல் கொண்டு போகக் கூடாது.

கேள்வி: ஒரே நாளில் சுற்றுவட்டாரத்தில் வேறு என்ன சேர்க்கலாம்?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: வயதானவர்கள் கூட இருந்தால் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில். 108 அடி லிங்கம். வெயிலில் தரை சுடும், காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் வந்தவர்கள் திரும்பும்போது கோலாரில் கோலாரம்மன் கோயிலைச் சேர்க்கலாம். சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு, ராஜேந்திர சோழன் பெயரைத் தேடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தங்கவயலோடு திணித்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க மாட்டீர்கள். எங்களைக் கேட்டால் ஒன்றை விட்டுவிடுவோம்.

ரயில்காரர்கள் பங்காருபேட்டையில் வண்டி மாறும் நேரத்தில் பானிபூரி சாப்பிடலாம். அங்கே புதினா பச்சைத் தண்ணீர் கிடையாது, பார்க்க வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். காரம் இல்லை என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு முழுக் கிண்ணம் கொடுத்துவிடாதீர்கள்.