தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்: மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 19 வயது, இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். தீபாவளி லீவுக்கு வந்தவன் காலேஜுக்குத் திரும்பிப் போகவில்லை. ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டே இருக்கிறான். போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். ஃபேன் சத்தத்துக்குள்ளே ஹாஸ்டல் பையன்கள் அவனைப் பற்றிப் பேசுவது கேட்கிறதாம், ஃபேனைப் போடவே விடுவதில்லை. சோறு போட்டால், "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடும்மா" என்கிறான். கோடாங்கியிடம் போய்க் கயிறும் கட்டிவிட்டோம். அவன் அப்பாவோ, "படிக்கப் பயந்துக்கிட்டு நடிக்கிறான், தை பிறக்கட்டும் பார்ப்போம்" என்கிறார். டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியதுதானா?
*பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்*

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 'தை பிறக்கட்டும்' என்ற வரியில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். என் சித்தப்பா நல்ல தையல்காரர். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். இருபத்தி இரண்டு வயதில் கடைக்குப் போவதை நிறுத்தினார். ரேடியோவில் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று ஒருநாள் அதன் ஒயரைக் கத்தரியால் வெட்டினார். ஆடி கழியட்டும் என்றார்கள், தை பிறக்கட்டும் என்றார்கள். கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடும் என்று கல்யாணமும் செய்துவைத்தார்கள். அந்தச் சித்தி பட்ட பாடு தனிக் கதை. பதினோரு வருடம் பின்கட்டு அறையில் கழிந்தது. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் மனநல வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான், பேராசிரியர் சொல்வது என் சித்தப்பாவைப் பற்றி என்று எனக்கு உறைத்தது. மாத்திரை தொடங்கியபின் குரல்கள் அடங்கின, ராத்திரி தூங்கினார். ஆனால் தையல் மெஷினில் மறுபடி உட்காரவே இல்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் உட்கார்ந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

உங்கள் பிள்ளை நடிக்கவில்லை. நடிக்கிறவன் ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்க மாட்டான். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் சைக்கோசிஸ் என்று நாங்கள் சொல்லும் நிலை, அதாவது இல்லாத குரல் கேட்பதும் இல்லாத பகை இருப்பதாகத் தோன்றுவதும், போலத்தான் தெரிகிறது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் தாறுமாறாகச் சுரக்கும்போது, சும்மா ஓடுகிற ஃபேன் சத்தத்துக்கும் ஓர் அர்த்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள்தான் இது அதிகம் தலைகாட்டும். நீண்ட நாள் நீடிக்கும் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று முதல் நாளே பெயர் சூட்டிவிட மாட்டோம். கடும் மனச்சோர்வு, மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் பைபோலார், கஞ்சா, தைராய்டு, வலிப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், சிலருக்கு ஸ்கேனும் தேவைப்படும். காய்ச்சலோ வலிப்போ சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எப்படி அழைத்துப்போவது? "உனக்குப் பைத்தியம், வா" என்று சொல்லாதீர்கள். குரலே இல்லை என்று வாதாடவும் வேண்டாம், எனக்கும் கேட்கிறது என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலப்பா, ஆனா உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. பத்து நாளா தூங்கல, தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்துக்காக என்றால் பெரும்பாலான பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடு என்று யோசனை சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். உங்களை முதல் வாய் சாப்பிடச் சொல்கிற பிள்ளை அவன். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அவன் பயத்தை நீங்களே நிஜமாக்கிவிடக் கூடாது. அதற்கப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

ஆயுசுக்குமா என்று கேட்டீர்கள். முதல் தடவை என்றால் ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், அரிபிப்ரசோல் போன்ற மாத்திரைகளில் ஏதாவது ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். குணமான பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது தொடர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் முறை குணமானவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. நிறுத்துவதாக இருந்தால் டாக்டரோடு பேசி, படிப்படியாக. கழுத்து இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவித்தாலோ உடனே போய்ச் சொல்லுங்கள். அதற்கு மாற்று இருக்கிறது. எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நார்வேயில் ஒரு பகுதியில் பள்ளிகளிலும் பத்திரிகைகளிலும் இந்த அறிகுறிகளை மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்ற இடங்களில் சிகிச்சைக்கு வருவதற்குள் பொதுவாகப் பதினாறு வாரம் ஓடிப்போக, அங்கே ஐந்து வாரத்தில் வந்தார்கள். வரும்போது நோயின் கடுமையும் குறைவாகவே இருந்தது. நம் ஊர்ச் சேதியும் உண்டு. 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் மருத்துவர்களும் முதல் முறை நோய் வந்த இளைஞர்களுக்கு ஒரே மாதிரி சிகிச்சை தந்து இரண்டு வருடம் பார்த்தார்கள். பேச்சும் ஆர்வமும் வற்றிப்போகும் அறிகுறிகள் சென்னைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தேறின. குடும்பத்தார் கூடவே நின்றதும் சென்னையில்தான் அதிகம். அதனால் ஓ.பி. சீட்டு வாங்கும்போது அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க நினைத்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சாப்பாட்டையே நிறுத்திவிட்டாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடுகிறது என்றாலோ காலைவரைகூடக் காத்திருக்காதீர்கள். காலேஜில் டி.சி. வாங்கிவிடாதீர்கள், மெடிக்கல் லீவு போதும். கயிறு கையிலேயே இருக்கட்டும், அதனால் மருந்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கேள்வி: எனக்கு 22 வயது, பனியன் கம்பெனியில் வேலை. தூக்கம் வருகிற நேரத்தில் யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறதா?
*திருப்பூர் வாசகி*

பதில்: இல்லை தங்கச்சி. தூக்கத்தின் வாசலில் அப்படிக் கேட்பது நிறையப் பேருக்கு உண்டு. நைட் ஷிஃப்டும் ஓவர்டைமும் சேர்ந்தால் இன்னும் கேட்கும். நன்றாக முழித்திருக்கும்போது, பட்டப்பகலில், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால், அல்லது கூட வேலை செய்கிறவர்கள் உன்னைக் குறிவைப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தால், அப்போது டாக்டரைப் பார். இப்போதைக்கு ஒரு வாரம் ஏழு மணி நேரம் தூங்க வழி பண்ணிக்கொள்.

கேள்வி: கஞ்சா இயற்கை மூலிகைதானே, அதனால் மனநோய் வருமா?
*கல்லூரி மாணவன், மதுரை*

பதில்: வரும் தம்பி. எல்லோருக்கும் அல்ல. ஆனால் பதின்ம வயதில் தொடங்கி, அடிக்கடி, வீரியமான சரக்கை இழுப்பவர்களுக்குச் சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு நிச்சயம் கூடுகிறது. வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடுதல். கேள்வியை நண்பனுக்காகக் கேட்டிருந்தால், அவனையும் கூட்டிக்கொண்டு ஓ.பி.க்கு வா. போலீசுக்குச் சொல்ல மாட்டோம்.