மூச்சு பழகிவிட்டது, முழங்கால் ஏன் பழகவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் 46 வயதுப் பெண், எடை 72 கிலோ. பினாங்கில் ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்காக ஏழு வாரமாக, வாரம் மூன்று நாள் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுகிறேன். ஆரம்பத்தில் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 150 காட்டும். இப்போது அதே வேகத்தில் ஏறினால் 130தான். இதயம் பலவீனமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மூச்சு அவ்வளவாக வாங்காததால், போன மாதத்திலிருந்து இரண்டு தடவை ஏறி, ஓடியே இறங்குகிறேன். இப்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, இறங்கும்போது அதிகம். ஒருநாள் மேலே போய் நின்றதும் தலை சுற்றியது. எடையும் ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: பயிற்சியை நிறுத்த வேண்டாம். ஓடி இறங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள், படிக்கு மட்டும் இரண்டு வாரம் இடைவெளி கொடுங்கள்.

பயிற்சிக்கு உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இரத்தம் சில நாளில் பழகும். இதயமும் தசையும் சில வாரத்தில் பழகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக் கணக்கில் ஆகும். உங்கள் மூச்சு முன்னே போய்விட்டது, முழங்கால் பின்னால் வருகிறது. மூச்சை மட்டும் பார்த்து வேகத்தையும் தடவையையும் ஒன்றாகக் கூட்டியதால் வந்த வலி இது.

நாடித்துடிப்பு 150லிருந்து 130க்கு இறங்கியது நல்ல செய்தி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகும். வேகமாகப் படி ஏறும்போது மொத்த ஓட்டமே இரண்டு, மூன்று மடங்காகும். அதில் பெரும்பங்கு கால் தசைக்குத் திரும்பிவிடும். புதிதாக ஏறுகிறவருக்கு இந்தத் தேவையை ஈடுகட்ட ஒரே வழி, துடிப்பைக் கூட்டுவது. பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி இரண்டு வாரத்துக்குள் 10 சதவீதம் அளவுக்குக் கூடலாம். இதயம் நன்றாக நிரம்புவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் வெளியே போகிறது. அதே வேலைக்குக் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது.

மூச்சு வாங்குவது குறைந்ததற்கு நுரையீரல் காரணமில்லை. அது பெரிதாக மாறுவதில்லை. மாற்றம் நடந்தது தொடைத் தசையில். அங்கே ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் கணிசமாகப் பெருகும், மெல்லிய இரத்தக் குழாய்களும் கூடும். அதனால் தசையில் அமிலம் சேர்வது குறைகிறது, மூளை மூச்சை விரட்டுவதும் குறைகிறது.

உங்கள் வயதுக்கு உச்ச நாடித்துடிப்பை 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்துக் கணக்கிட்டால் சுமார் 176 வரும். மிதமான பயிற்சி என்பது அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 113க்கும் 134க்கும் நடுவில். உங்கள் 130 சரியான இடத்தில் இருக்கிறது. அம்லோடிபின் நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து அல்ல. துடிப்பைக் குறைக்கும் பைசோப்ரோலோல், அட்டெனோலோல் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கக்கூடாது. முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற நிலையில் ஏறினால் போதும். ஓய்வில் துடிப்பு 50க்குக் கீழே போய், கூடவே தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால்தான் இசிஜி எடுக்க வேண்டும்.

இரத்தத்தில் நீர் கூடுவதால் ஹீமோகுளோபின் அளவு கொஞ்சம் குறைந்து காட்டலாம். ஆனால் எந்தக் குறைவையும் பரிசோதிக்காமல் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறதென்றால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். இந்த வயதில் இரும்புச்சத்துக் குறைவு பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

தலைசுற்றலைச் சொல்கிறேன். ஏறும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சட்டென்று நின்றால் அந்தப் பிழிதல் நின்றுவிடும், ஆனால் கால் இரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போவதால், உடம்பைத் தணிக்கத் தோலின் குழாய்களும் விரிந்திருக்கும். அம்லோடிபின் வேலையும் அதுவே. மூன்றும் சேரும்போது இரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போகிற அழுத்தம் இறங்கிவிடுகிறது. மேலே போனதும் நிற்காமல், உட்காராமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். தலை சுற்றினால் கூச்சப்படாமல் படுத்து, காலை உயர்த்திக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக மலைக்குப் போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏறி நின்ற பிறகு வரும் தலைசுற்றலுக்குத்தான் இந்த விளக்கம். ஏறிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டினாலோ மயங்கினாலோ அது வேறு விஷயம். இதய வால்வையும் துடிப்பின் ஒழுங்கையும் எக்கோ, இசிஜி எடுத்துப் பார்க்கும்வரை ஏறக்கூடாது.

இனி முழங்கால். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். ஓடி இறங்கினால் இன்னும் அதிகம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, அந்த இழுப்பு முழுவதும் சில்லுக்குக் கீழே உள்ள நாணில் விழுகிறது. இரத்த ஓட்டம் குறைந்த பகுதி அது. அங்கே கொலாஜன் என்ற புரத இழைகள் புதுப்பிக்கப்பட்டு இறுக 12 வாரமாவது வேண்டும். நீங்கள் ஐந்தாவது வாரத்திலேயே சுமையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டீர்கள்.

காலை நீட்டி உட்கார்ந்து, சில்லின் கீழ்முனையை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு புள்ளியில் சுள்ளென்று வலித்தால் பெரும்பாலும் நாண். இடத்தைக் காட்டச் சொன்னால் சில்லு முழுவதையும் உள்ளங்கையால் மூடிக் காட்டத் தோன்றினால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் உள்ள உரசல். பெண்களுக்கு இரண்டாவதுதான் அதிகம். இரண்டுக்கும் தொடைத் தசையைப் பலப்படுத்துவதுதான் சிகிச்சையின் மையம். முழு ஓய்வு எடுத்தால் நாண் இன்னும் பலவீனமாகும்.

முதல் இரண்டு வாரம் படியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் சமதரையில் 30 நிமிடம் நடங்கள். வீட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதிவரை உட்காரும் நிலைக்கு இறங்கி 45 விநாடி அப்படியே நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்கக்கூடாது, அடக்கினால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். அன்றைய அழுத்தம் 160/100க்கு மேல் இருந்தால் செய்ய வேண்டாம். பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் சரியான அளவுகோல், செய்யும்போது இருக்கும் வலி ஏமாற்றும்.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், மூன்று விநாடியில் இறங்கி மூன்று விநாடியில் எழும் அரைக்குந்தல், 12 தடவை வீதம் மூன்று சுற்று. படிக்கும் அப்போதே திரும்பலாம்: ஒரே தடவை ஏறி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள். எட்டாம் வாரத்துக்குப் பிறகே இரண்டாவது தடவை. வேகத்தையும் தடவையையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். டிக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறவே கூடாது. வலியை மறைப்பதோடு இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வியர்த்து வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

பால்குடம் எடுப்பது வெறுங்காலில். செருப்புக்கே பழகிய பாதத்துக்கு அது தனிச் சுமை. கடைசி எட்டு வாரத்தில் நடையின் முடிவில் ஐந்து நிமிடம் வெறுங்காலில் நடக்கத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். புதிய சுமையில் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்த இடைவெளியில்தான் நுண்முறிவு வருகிறது. பாதத்தின் மேற்பகுதியில் ஒரு எலும்பின்மேல் மட்டும் தொட்டால் வலித்தால் நடையை நிறுத்திக் காட்டுங்கள்.

எடைக்கு வருவோம். தண்ணீர்மலையில் 513 படி. ஒரு படி 17 செ.மீ. என்று வைத்தால் உயரம் ஏறத்தாழ 87 மீட்டர். 72 கிலோ உடம்பை அந்த உயரத்துக்குக் கொண்டுபோகத் தசை செலவழிப்பது சுமார் 70 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் 300 கலோரி இருக்கிறது. இறங்கியதும் அதையும் ஒரு தே தாரிக் பால் தேநீரையும் சாப்பிட்டால் கணக்கு நேராகாது. இன்னொன்று: இரத்தத்தில் கூடிய நீரும், தசையில் கூடுதலாகச் சேரும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் அதோடு பிடிபடும் நீரும் தராசில் எடையாகவே தெரியும், கொழுப்பு குறைந்திருந்தாலும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் சர்க்கரை. சுருங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதற்குமேல் இந்தப் பலன் தேய்ந்துவிடும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மலைக்குப் போக முடியாத நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை போதும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. சர்க்கரையை அதிகம் தாழ்த்திவிடக்கூடிய கிளிக்லசைடு மாத்திரையும் சேர்த்திருந்தால் ஏறும்முன் சோதித்து, 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஷிஃப்ட் மாறி இரண்டு வாரம் விட்டுப்போனால் முதலில் குறைவது இரத்தத்தில் கூடிய அந்த நீர்தான். துடிப்பு மறுபடி 140, 145 காட்டும். பயப்படாமல் பாதி அளவில் தொடங்குங்கள், சீக்கிரம் திரும்பிவிடும். காற்றின் தரக் குறியீடான ஐபியு 100ஐத் தாண்டும் புகைமூட்ட நாட்களில் வீட்டுக்குள் குந்தல் மட்டும் செய்யுங்கள்.

முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டால், இரவில் வலித்து எழுப்பினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்தால், தாடைக்கோ இடக்கைக்கோ வலி பரவினால், அந்தப் படியிலேயே உட்கார்ந்து 999ஐ அழையுங்கள். இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.