34 கோடிப் பேர் வாழும் அமெரிக்காவிலிருந்து ஒரு மோட்ரிச் ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் ஆண்கள் கால்பந்துக்கு நல்ல வீரர்களே உருவாவதில்லை என்று சொன்னால் அது தவறு. அமெரிக்கர்களான புலிசிக் ஏசி மிலானிலும் மெக்கென்னி யுவென்டஸிலும், அதாவது இத்தாலியின் பெரிய கிளப்புகளில், முதல் பதினொருவரில் இடம்பிடித்தவர்கள். வராமல் இருப்பது அதற்கு மேல்படி. 40 லட்சம் பேர்கூட இல்லாத குரோஷியா உலகின் தலைசிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவரான மோட்ரிச்சைத் தந்தது. 35 லட்சம் பேர் உள்ள உருகுவே சுவாரெஸ், கவானி, வால்வெர்டே என்று தந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்க அணி 2002இல் காலிறுதிவரை போனது. 2017 அக்டோபரில் டிரினிடாடிடம் 2-1 என்று தோற்று 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே இல்லை. 2022இல் நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்று நாக்அவுட்டின் முதல் சுற்றிலேயே திரும்பியது.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில், "அங்கே நல்ல உடல்வாகு உள்ள பையன்கள் எல்லாம் கூடைப்பந்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் போய்விடுகிறார்கள்" என்பது. இது பாதிகூட உண்மையில்லை. மெஸ்ஸியின் உயரம் 170 செ.மீ., ஸ்பெயினின் சாவி 170, மோட்ரிச் 172. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வீரர்களின் சராசரி உயரமோ 2 மீட்டரை நெருங்குகிறது. கூடைப்பந்து எடுத்துக்கொண்ட உடல்கள் பெரும்பாலும் கால்பந்து இழந்த உடல்கள் அல்ல. 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் பந்தோடு எத்தனை ஆயிரம் மணி நேரம் கழிந்தது என்பதுதான் இந்த ஆட்டத்தில் கணக்கு. பிறவி வேகத்தை வைத்துப் பின்னால் அதை ஈடுகட்ட முடியாது.

இதற்கு ஒரு நல்ல சான்று கோல்கீப்பர்கள். கேஸி கெல்லர், பிராட் ஃப்ரீடல், டிம் ஹோவர்ட் என்று அமெரிக்கா உலகத்தரமான கீப்பர்களை அடுத்தடுத்துத் தந்தது. ஃப்ரீடல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக 310 ஆட்டங்கள் ஆடியவர். பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் பழகிய கை அந்த இடத்துக்கு உதவும். கீப்பர் 25 வயதுக்கு மேல் முதிர்ந்தாலும் பாதகமில்லை. நெருக்கடியில் பந்தை வாங்கித் திரும்பும் நடுக்கள வீரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாட்டில் விளையாட்டுத் திறமைக்குப் பஞ்சமில்லை, சிறுவயதுக் கால்பந்தில்தான் கோளாறு என்பது இதிலேயே தெரிகிறது.

அந்தக் கோளாறின் வேர், சிறுவர் கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

ஜெர்மனியிலோ அர்ஜென்டினாவிலோ ஒரு சிற்றூர்க் கிளப்பில் ஆடிய பையன் பின்னாளில் பெரிய விலைக்கு வெளிநாட்டு அணிக்குப் போனால், வளர்த்த கிளப்புக்கும் பங்கு உண்டு. 2001இல் வந்த ஃபிஃபா விதிப்படி, மாற்றுத்தொகையில் (வீரனை வாங்கும் அணி விற்கும் அணிக்குத் தரும் பணம்) 5 சதவீதத்தை அவன் 12 முதல் 23 வயதுவரை பயின்ற கிளப்புகள் பிரித்துக்கொள்ளும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதற்குமேல் ஆண்டுக்கு 0.5 சதவீதம். இது தவிர, முதல் தொழில்முறை ஒப்பந்தத்தை வேறு நாட்டில் போட்டால் பயிற்சி இழப்பீடு தனி. புலிசிக்கை 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி 6.4 கோடி யூரோவுக்கு வாங்கியது. இந்த விகிதத்தில் பார்த்தால், 13 வயதில் ஒரே ஓர் ஆண்டு பயிற்சி தந்ததன் மதிப்பு 1,60,000 யூரோ. சிறுவர் கிளப்பின் ஆண்டுச் சந்தா 3,000 டாலர் என்று வைத்தால், அந்தப் பணத்தில் ஐம்பது பையன்கள் ஓராண்டு இலவசமாக ஆடலாம்.

அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் இதை நெடுங்காலம் நடைமுறைப்படுத்தவில்லை. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான எம்எல்எஸ் மீது அதன் வீரர்கள் 1990களில் தொடுத்த ஃப்ரேசர் வழக்கையும் ஏகபோகத் தடைச் சட்டத்தையும் காரணம் காட்டியது. 2014இல் டியாண்ட்ரே யெட்லின் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்குப் போனபோது, அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த கிராஸ்ஃபயர் ப்ரீமியர் என்ற கிளப் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபாவரை போக வேண்டியிருந்தது. எம்எல்எஸ்ஸே இந்தத் தொகைகளைக் கோரப்போவதாக அறிவித்தது 2019 ஏப்ரலில்தான்.

ஆகவே அங்கே சாதாரண கிளப்புக்கு ஒரே வருமானம் பெற்றோர். சந்தா மட்டும் ஆண்டுக்கு 2,000 முதல் 5,000 டாலர் என்பது சர்வசாதாரணம். சீருடை தனி. மாநிலம் தாண்டிப் போகும் டோர்னமென்ட்களுக்கு விமானம், வாடகைக் கார், ஹோட்டல் தனி. பல டோர்னமென்ட்களில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணியையே சேர்க்க மாட்டார்கள். மேல்தட்டு லீக்கில் ஆடும் பையனுக்கு எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டுவது உண்டு. பிரான்சில் ஒரு புறநகர்க் கிளப்பில் ஓராண்டுக்குச் சேரச் சில நூறு யூரோ போதும். எம்பாப்பே போன்டியில் தொடங்கியது அப்படிப்பட்ட ஒரு கிளப்பில்தான்.

ஏழைப் பையன்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது இதில் வெளிப்படையாகத் தெரியும் சேதம். கிளிண்ட் டெம்ப்சி வளர்ந்தது டெக்சாஸின் நாகோடோச்சஸில். அந்த ஊர் மெக்சிகோக் குடும்பத்துப் பையன்களோடு ஆடித்தான் காலில் பந்து ஒட்டப் பழகினார். டாலஸ் கிளப்புக்குப் போய்வர ஒரு பக்கம் மட்டும் சுமார் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாமல் இடையில் கிளப்பை விட வேண்டி வந்தது. பிறகு சக வீரர்களின் பெற்றோர் கைகொடுத்ததால் திரும்பினார். அவர்தான் நாட்டுக்காக 57 கோல் அடித்து லாண்டன் டோனவனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அந்த உதவி கிடைக்காமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் லத்தீன் சமூகத்தினர் நடத்தும் லீக்குகளில் ஆடும் பையன்களைத் தேடிச் செல்ல, சந்தாவில் ஓடும் கிளப்புக்குக் காரணமே இல்லை.

வெளியே தெரியாத சேதம் மைதானத்துக்குள் நடக்கிறது, எனக்கு அதுதான் அதிகக் கவலை. 4,000 டாலர் கட்டிய பெற்றோர் 10 வயது அணி ஜெயிக்கிறதா என்று பார்ப்பார்கள். தோற்றால் அடுத்த சீசனில் பக்கத்துக் கிளப்புக்குப் பையனை மாற்றிவிடுவார்கள். அதனால் பயிற்சியாளர் 10 வயதில் ஜெயிக்கும் வழியைத் தேடுவார். அது மிகச் சுலபம்: சீக்கிரம் வளர்ந்த, வேகமான ஒரு பையனை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அவன் முன்னே போட வேண்டியதுதான். கோப்பை வரும். நடுக்களத்தில் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்க, பந்தை வாங்கித் திரும்பப் பழக வேண்டிய பையன் பந்து தலைக்கு மேலே பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். 15 வயதில் எல்லோரும் வளர்ந்துவிட்டதும் அந்த வேகமான பையனின் சாதகம் போய்விடும். மற்றவனுக்கோ கற்கும் வயது கடந்திருக்கும்.

பிறந்த மாதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். 10 வயதில் அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. பெரியவனைத் திறமைசாலி என்று எடுத்து, நல்ல பயிற்சியாளரையும் அதிக ஆட்டத்தையும் அவனுக்கே கொடுப்பார்கள். இரண்டு ஆண்டில் அவன் உண்மையிலேயே மேலானவன் ஆகிவிடுவான். தொடக்க மாதத்தை மாற்றினால் அநீதி வேறு மாதத்துக்காரனுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இந்தச் சிக்கல் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் சந்தாவுக்காக ஜெயித்தே ஆக வேண்டிய இடத்தில் அதைத் திருத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

சம்மேளனம் கைகட்டி இருக்கவில்லை. 2017 முதல், ஓர் அணிக்கு 8 வயதுவரை 4 பேர், 10 வரை 7 பேர், 12 வரை 9 பேர், 13இலிருந்துதான் 11 பேர் என்ற ஆட்ட அளவைக் கட்டாயமாக்கியது. சிறிய களத்தில் ஒவ்வொருவருக்கும் பந்து அதிக முறை கிடைக்கும். நல்ல மாற்றம்தான். ஆனால் மொத்த நேரத்தை அது கூட்டாது. வாரம் மூன்று பயிற்சி, தலா 90 நிமிடம், மொத்தம் நாலரை மணி நேரம். அதிலும் வரிசையில் நிற்பதும் விளக்கம் கேட்பதும் போகும். தினமும் பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம் தெருவில் ஆடும் சிறுவனுக்கு வாரம் 14 மணி நேரம், அவ்வளவும் ஆட்டம். அமெரிக்கப் புறநகரில் காரில்லாமல் மைதானத்துக்குப் போக முடியாது. பெரியவர் ஒருவர் ஓட்டிச் சென்றால்தான் கால்பந்து என்றாகிவிட்டது.

ஜெர்மனி இதைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. யூரோ 2000இல் முதல் சுற்றிலேயே வெளியேறிய அவமானத்துக்குப் பிறகு, தொழில்முறை கிளப்புகள் அகாடமி நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். அதோடு நிற்காமல் 2002இல் நாடெங்கும் பயிற்சி மையங்களைத் தொடங்கினார்கள். அவை முந்நூறுக்கும் மேல். பெரிய கிளப்பின் கண்ணில் படாத 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை இலவசமாகக் கூடுதல் பயிற்சி பெறுகிறார்கள். ஜெர்மனியின் பரப்பளவு டெக்சாஸில் ஏறத்தாழ பாதி. அமெரிக்காவிலோ எம்எல்எஸ்ஸின் 30 அணிகளில் 27தான் அந்த நாட்டில் இருக்கின்றன, இலவச அகாடமி என்று பெரும்பாலும் நம்பக்கூடியவை அவைதான். ரிக்கார்டோ பெப்பி எல் பாசோ பகுதியைச் சேர்ந்தவர். அவர் ஆடப் போன எஃப்சி டாலஸ் அகாடமி அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்.

அடுத்த ஓட்டை 16 முதல் 20 வயது. ஃபிஃபாவின் 19ஆவது விதிப்படி 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாற முடியாது. அதற்குள்ள சில விலக்குகளில் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதில் மாறலாம் என்பது. புலிசிக் தாத்தா வழியில் குரோஷியப் பாஸ்போர்ட் பெற்றதால்தான் 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் சேர்ந்து 17 வயதில் முதல் அணியில் ஆடினார். அப்படிப் பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு நெடுங்காலம் ஒரே வழி கல்லூரி. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும். சுமார் 20 ஆட்டங்களைச் சில மாதத்தில் திணிப்பார்கள். வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாம் என்பதால் 90 நிமிடம் மூச்சை அளந்து ஆடும் பழக்கமே வராது. படிப்புக்கு நல்ல வழி, உச்ச ஆட்டத்துக்கு அல்ல.

2007இல் தொடங்கிய சம்மேளனத்தின் டெவலப்மென்ட் அகாடமி லீக் இந்த இடைவெளியை நிரப்ப முயன்று, 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு எம்எல்எஸ் நடத்தும் இளையோர் லீக்கான எம்எல்எஸ் நெக்ஸ்ட் வந்தது. 2022 முதல் எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ என்ற லீக்கில் 18, 19 வயதுப் பையன்கள் பெரியவர்களோடு ஆடுகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த மாற்றம்தான், ஏனென்றால் இங்கே பணத்தின் திசை மாறத் தொடங்கியிருக்கிறது. மெக்கென்னி 2016இல் எஃப்சி டாலஸிலிருந்து ஜெர்மனியின் ஷால்கேவுக்குப் போனபோது டாலஸுக்கு மாற்றுத்தொகை கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் பெப்பி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் கிளப்புக்குப் போனபோது சுமார் 2 கோடி டாலர் வந்தது. பையனை வளர்த்தால் லாபம் என்று ஒரு கிளப் உரிமையாளருக்குப் புரிந்துவிட்டால், இலவசப் பயிற்சிக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஜெயிக்கும் அணி மேல் லீக்குக்கு ஏறுவதும் தோற்கும் அணி கீழ் லீக்குக்கு இறங்குவதும் அங்கே இல்லாதது குறையா என்று கேட்பார்கள். பெரிய அணிகளுக்கு அதனால் அவ்வளவு நஷ்டமில்லை. மேலே ஏற வழியே இல்லாத சிற்றூர்க் கிளப்புக்கு அகாடமி தொடங்கும் ஆசையே வராது என்பதுதான் நஷ்டம்.

2022 உலகக் கோப்பை அணியைப் பாருங்கள்: ஆன்டனி ராபின்சன் இங்கிலாந்தில் பிறந்து எவர்டனில் பயின்றவர், செர்ஜினோ டெஸ்ட் நெதர்லாந்தில் பிறந்து அயாக்ஸில், யூனுஸ் மூசா நியூயார்க்கில் பிறந்தும் அர்செனல் அகாடமியில். அமெரிக்கப் பாஸ்போர்ட் கொண்டவன் ஐரோப்பாவில் வளர்ந்தால் தேறுகிறான்.

இதே சந்தா முறையில்தானே பெண்கள் அணி நான்கு உலகக் கோப்பை வென்றது என்பது நியாயமான எதிர்க்கேள்வி. 1972இன் டைட்டில் ஒன்பது சட்டம் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்கு வழி திறந்தது. பெண்கள் கால்பந்துக்கு இருந்த அரை நூற்றாண்டுத் தடையை இங்கிலாந்து விலக்கியிருந்தது சற்று முன்புதான். பிரேசிலில் தடை 1979வரை நீடித்தது. எதிராளிகள் ஓடவே தொடங்காத பந்தயம் அது. அவர்கள் அகாடமி கட்டத் தொடங்கியதும் 2023இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது, அமெரிக்கா காலிறுதிக்கே போகவில்லை.

அமெரிக்காவில் இருந்து பிள்ளைக்குக் கிளப் தேடும் தமிழ்ப் பெற்றோர் இதைப் படித்தால், அங்கே வைத்திருக்கும் கோப்பைகளைப் பார்க்காதீர்கள். ஒரு பயிற்சியை முழுதாக நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் நேரம் எவ்வளவு, கீப்பர் பந்தைக் காலால் கொடுக்கிறாரா தூக்கி அடிக்கிறாரா, சிறிய உருவப் பையன்கள் ஆட்ட நேரத்தில் பாதியாவது களத்தில் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். பயணச் செலவு உட்பட மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். 12 வயதுக்குள் விமானம் ஏறும் டோர்னமென்ட் எதற்கும் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஃபுட்சால் என்ற சிறுகளக் கால்பந்துக்கான நான்காம் எண் பந்து ஒன்று வாங்குங்கள். அது அதிகம் துள்ளாது, கான்கிரீட்டிலும் காலடியிலேயே நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒரு காலி டென்னிஸ் கோர்ட்டும் கிடைத்தால், பயிற்சியாளர் இல்லாமலே வாரம் ஆறேழு மணி நேரம் கூடிவிடும்.