பேட்ஜ் ஒட்டிட்டா பாடம் கேம் ஆயிடுமா?

கேள்வி: எங்க ஆபீஸ்ல எல்லா ஆன்லைன் ட்ரெயினிங்குக்கும் பாயிண்ட், பேட்ஜ், லீடர்போர்டுன்னு போட்டோம். ஆரம்பத்துல எல்லாரும் போட்டி போட்டு பண்ணாங்க, இப்ப யாரும் சீண்டறதே இல்ல. நடத்துற என்னைத்தான் கேள்வி கேக்கறாங்க. எங்கங்க தப்பு?

பதில்: பாடம் அதே பழைய பாடம்தானே? அதே ஸ்லைடு, கடைசில அதே க்விஸ், மேல மட்டும் பேட்ஜ். புதுசா இருக்கற வரைக்கும் ஓடும், அப்புறம் ஸ்லைடைப் படிக்காமலே நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டி, பதிலை மாத்தி மாத்திப் போட்டு பாயிண்டை வாங்கிட்டு போயிடுவாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது, நீங்க பாயிண்ட் குடுக்கறதே முடிச்சதுக்குத்தானே.

பரிசு விஷயத்துல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், படம் வரையறதுல ஏற்கனவே ஆசை இருந்த சின்ன பசங்ககிட்ட 'வரைஞ்சா சர்டிபிகேட் தர்றோம்'னு முன்கூட்டியே சொல்லி வரைய வெச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்த பசங்க தானா உக்காந்து வரையறது குறைஞ்சு போச்சு, சொல்லாம கொள்ளாம பரிசு கிடைச்ச பசங்களுக்கு அப்படி ஆகல. (உங்க பாஸ்வேர்டு பாலிசி ட்ரெயினிங்ல யாருக்கும் ஆசையே இருந்திருக்காது, அங்க கெட்டுப்போக ஒண்ணும் இல்லைங்கறது வேற கதை.)

அப்ப எது கேம்? அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல 1960கள்ல உருவான 'பியர் கேம்' (பீர் சரக்கை ஆர்டர் பண்ணி அனுப்பற ஆட்டம்) இன்னைக்கும் மேனேஜ்மென்ட் வகுப்புல ஆடறாங்க. கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிப்யூட்டர், ஃபேக்டரின்னு நாலு பேர், ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது, ஆர்டர் மட்டும்தான் போகும், சரக்கு வந்து சேர லேட் ஆகும். கஸ்டமர் கேக்கற அளவு ஒரே ஒரு தடவை 4லேருந்து 8க்கு ஏறி அப்படியே நின்னுடும், அவ்ளோதான். அதுக்கே பயந்துபோய் ஆளாளுக்கு ஆர்டரை ஏத்தி, சரக்கு மலையா குவிஞ்சு, 'நீதான் கெடுத்தே'ன்னு சண்டையே வந்துடும். கடைசில கஸ்டமர் நிஜமா கேட்ட அளவோட கிராஃபைக் காட்டினதும் வாயடைச்சுப் போவாங்க. இதுலயும் ஸ்கோர் உண்டுங்க, ஆனா அது தேங்கின சரக்குக்கும் அனுப்பாம நின்ன ஆர்டருக்கும் ஆகற செலவு, நிஜ வேலைல எது வலிக்குமோ அதேதான். உங்க ட்ரெயினிங்ல பாயிண்ட் எதை எண்ணுதுன்னு பாருங்க, வேலைல அவங்க எடுக்கற முடிவையா, இல்ல மவுஸ் கிளிக்கையா?

கேள்வி: யார் எத்தனாவது இடம்னு பேரோட பெரிய ஸ்கிரீன்ல போடணும்னு மேனேஜர் ஒத்தைக்கால்ல நிக்கறார். போடலாமா?

பதில்: வேண்டாம்னு சொல்லிப் பாருங்க. கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் ஹோட்டல் லாண்டரில வேலை வேகத்தைப் பேரோட ஸ்கிரீன்ல காட்டினாங்க, அதுக்கு தொழிலாளர்கள் வெச்ச பேரு 'எலக்ட்ரானிக் சாட்டை', பாத்ரூம் போகவே சிலர் தயங்கினதா 2011ல பத்திரிகைல வந்துச்சு. டாப் அஞ்சு பேருக்கு ஜாலி, கீழ இருக்கறவங்க முயற்சியையே விட்டுடுவாங்க. கட்டாயம்னா, போன மாசத்தை விட நீ எப்படின்னு அவங்கவங்களுக்கு மட்டும் காட்டுங்க, இல்ல டீம் ஸ்கோரா போடுங்க. ஆட விருப்பமான்னு முதல்ல கேளுங்க, வலுக்கட்டாயமா சந்தோஷப்படுத்தினா எரிச்சல்தான் வரும்.

கேள்வி: சாஃப்ட்வேர் வாங்க பட்ஜெட் இல்ல. சீனியர்களும் கேம்னாலே சிரிக்கறாங்க.

பதில்: கேம்னு சொல்லாதீங்க, 'ஒரு கேஸ் பாக்கலாம் வாங்க'ன்னு சொல்லுங்க. 1820கள்லயே பிரஷ்யா ராணுவ அதிகாரிங்க மேப்ல கட்டை நகர்த்தித்தான் போர்ப் பயிற்சி எடுத்திருக்காங்க, அவங்க ஒண்ணும் விளையாட்டுப் பசங்க இல்ல. உங்களுக்கு வந்த நிஜ கம்ப்ளெயின்ட் ரெண்டை எடுத்து, பேரை மறைச்சு அட்டைல எழுதுங்க, ஒவ்வொரு அட்டையும் திறக்கறப்ப 'இப்ப என்ன பண்ணுவீங்க'ன்னு முடிவு எடுக்கச் சொல்லுங்க. ஆட 20 நிமிஷம் குடுத்தா, ஏன் அப்படி முடிவு எடுத்தீங்கன்னு பேச 40 நிமிஷம் ஒதுக்குங்க. நேரமில்லன்னா ஆட்டத்தைக் குறைங்க, பேச்சைக் குறைக்காதீங்க.