குத்துக்கோடுகளை ஏன் அழித்தீர்கள்?

அன்புள்ள அக்கா,

எனக்குப் பாலக்கோடு. பெங்களூரில், மருந்துப் பரிசோதனைத் தரவுகளைப் படமாகப் போட்டுத் தரும் வேலை. போன வாரம் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கப்லான்-மையர் படம் போட்டேன். மாதம் போகப் போக நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோட்டுப் படம் அது. கோட்டின் மேல் வரும் குட்டிக் குத்துக்கோடுகளும், அடியில் வரும் எண் வரிசையும் கண்ணை உறுத்தின. எடுத்துவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

நீங்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர், எழுதுகிறவர். அதனால் கேட்கிறேன். இதுவும் எழுத்தைப் போல ஒரு கலைதானே? இந்தப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? சிவப்பு, பச்சை போட்டால் எடுப்பாக இருக்குமா?

க., பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. நேற்றுத்தான் என் சித்தப்பாவுக்குத் திதி கொடுத்தோம். இரண்டு நாளாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். கொஞ்சம் சத்தம் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலையா என்றால், இருந்துவிட்டுப் போகட்டும். பெயரை நீங்களே வையுங்கள், ஆனால் 'வளைகோடு' மட்டும் வேண்டாம். அதில் வளைவு எங்கே இருக்கிறது? நம்மூர்க் கிணற்றுப் படி மாதிரி இறங்குகிற கோடு அது. ஒவ்வொரு படியிலும் ஒரு சாவாவது இருக்கிறது.

அந்தக் குத்துக்கோடுகளுக்கு வருகிறேன். இந்தப் படம் கப்லான், மையர் என்ற இருவரின் பெயரில் வந்தது. கப்லான் கடலடித் தொலைபேசிக் கம்பியில் வைக்கும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை நாள் உழைக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். மையர் பார்த்தது புற்றுநோயாளிகளை. ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்து 1958-ல் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். குழாயானாலும் மனிதரானாலும் இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான்: முடிவு தெரிவதற்குள் கணக்கைவிட்டு வெளியே போனவர்களை என்ன செய்வது? செத்தவர் பட்டியலில் சேர்த்தால் பொய். கடைசிவரை இருந்தார் என்றாலும் பொய். இருந்தவரைக்கும் எண்ணிக்கொள், போன இடத்தில் ஒரு கோடு கிழி என்றார்கள். அந்தக் கோட்டைத்தான் நீங்கள் அழித்திருக்கிறீர்கள்.

விரல்விட்டு எண்ணுங்கள். 10 பேர். மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். கோடு 90 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஐந்தாம் மாதம் நான்கு பேர் வருவதில்லை. கோடு அசைவதில்லை, நான்கு குத்துக்கோடுகள் மட்டும் விழுகின்றன. மிச்சம் 5 பேர். எட்டாம் மாதம் அவர்களில் ஒருவர் இறந்தால் 90-ல் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 72. முதல் சாவுக்கு 10 புள்ளி, இரண்டாவதுக்கு 18. அந்த நான்கு பேரும் இருந்திருந்தால் 80-லேயே நின்றிருக்கும். சாவு ஒன்றுதான், படியின் ஆழம் வேறு. ஏன் என்று உங்கள் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? கடைசியில் கோடு தட்டையாக ஓடியிருக்குமே, அதைப் பார்த்துத்தானே கை தட்டினார்கள்? அந்த இடத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்வது அடியில் இருந்த எண் வரிசை. மூன்று பேராக இருந்தால்?

இன்னொன்று. போனவர்களும் இருப்பவர்களைப் போலத்தான், அவர்களுக்கு நடப்பதே இவர்களுக்கும் நடக்கும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. ஆய்வு முடிந்த தேதியில் உயிரோடு இருந்தவருக்கு இது பெரும்பாலும் சரி. மருந்து ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து வாந்தி எடுத்துப் போனவருக்கு? பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றவருக்கு? புள்ளியியலில் இவர்கள் எல்லோரையும் 'சென்சார்' ஆனவர்கள் என்போம். வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் சினிமாவை நினைத்துச் சிரிப்பார்கள். முப்பது வருஷமும் சிரித்தார்கள்.

என் சித்தப்பாவுக்குக் காசநோய். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். ஆறு மாதம் மாத்திரை. ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை, அதில் கட்டம் கட்டமாகத் தேதி, விழுங்கிய நாளுக்கு ஒரு டிக். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, சோறு இறங்கியது. மேஸ்திரி கூப்பிட்டார், பெங்களூருக்குக் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் ராகி ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. போகாமல் என்ன செய்வார்? சுகாதார ஊழியர் அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். "பெங்களூரு போயிருக்கான் சாமி, வந்தா அனுப்பறேன்" என்றாள் பாட்டி. அவர் டிக் இல்லாத கட்டங்களைப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இப்படிப் போனவர்களை அப்போது 'டிஃபால்ட்டர்' என்றுதான் எழுதுவார்கள், வங்கிக் கடனைக் கட்டாதவன் மாதிரி. 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்று மாற்றியது.

சித்தப்பா தை மாதம் திரும்பி வந்தார். பஸ்ஸிலிருந்து அப்பா தூக்கித்தான் இறக்கினார். பதினெட்டு நாள். அந்தச் சாவு எந்த அட்டையிலும் ஏறவில்லை.

கண்ணை உறுத்துகிறதாம்! உறுத்தட்டும்டா. உறுத்துவதற்குத்தானே அது அங்கே இருக்கிறது? (ஒருமைக்கு வந்துவிட்டேன். என் கடைசித் தம்பியைவிடச் சின்னவராகத்தான் இருப்பீர்கள்.) மேனேஜர் அடிக்க வரமாட்டார். குத்துக்கோடுகளோடும் அந்த எண் வரிசையோடும் படத்தைத் திரும்ப அனுப்புங்கள், முந்தியதில் விட்டுப்போனது என்று ஒரு வரி எழுதுங்கள்.

சிவப்பு, பச்சை வேண்டாம். என் தம்பி மகனுக்கு அந்த இரண்டும் பிரியாது. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி தரம் பிரிக்கும்போது காயையும் பழத்தையும் ஒரே கூடையில் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான். நீலமும் ஆரஞ்சும் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா