சாலையோர மரங்களைக் கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிக் கழித்தால்) கொக்கு, நாரைகளின் இனப்பெருக்கம் பாதிக்குமா?

பாதிக்கும். கூட்டமாகக் கூடு வைக்கும் பறவைகள் என்பதால், ஒரு கிளை விழுந்தாலே பல கூடுகள் போய்விடும். தரையில் விழுந்த குஞ்சுக்குத் தாய்ப்பறவை பொதுவாக இறங்கிவந்து இரை ஊட்டாது. தப்பிய கூடுகளுக்கும் ஆபத்துதான்: ரம்பச் சத்தத்தில் பெரிய பறவைகள் எழும்பிப் பறக்க, காகம் முட்டையைத் தூக்கிவிடும், நிழல் போனதால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும்.

குஞ்சுகள் பறந்தபிறகு வெட்டலாமே என்பார்கள். உயிர்ச்சேதம் குறையும், சரி. ஆனால் கூடு தாங்கும் உச்சிக் கவடுகளை மொட்டையடித்தால் அடுத்த பருவத்தில் எங்கே கட்டும்? எச்சத்தின் நாற்றம்தான் பலருக்குக் கோபம். அதற்குக் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்தால் போதும் என்பேன்.

கர்நாடகத்தின் கொக்கரேபெள்ளூரில் கூழைக்கடாக்கள் ஊருக்குள் புளியமரங்களிலேயே கூடு வைக்கின்றன. புளி உலுக்காமல் விட்டுவைக்கும் மரக்காரர்களுக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது.